சண்டை வரட்டும்... கூட்டத்துக்கு வரட்டும்!

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும். மேலே நகரின் பெயர், அடுத்து ‘குடியிருப்போர் நலச்சங்கம்’, அதற்கும் கீழே பதிவு எண். சில பலகைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் புதுப் பெயின்ட்டில் பளிச்சென்று இருக்கும். சிலவற்றில் பழைய பெயர்கள் மேல் வெள்ளை அடித்திருப்பார்கள். புதுப் பெயர்களை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வெள்ளைப் பட்டைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று டீக்கடையில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர் என்று இந்த ரயில் பாதை நெடுக இதே கதைதான். பாதை என்னவோ பழையது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ஆனால், தண்டவாளத்தின் இருபுறமும் வீடுகள் நெருங்கியது நம் தலைமுறையில்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர், ஆவடி டாங்கி தொழிற்சாலையில் ரிடையர் ஆனவர், காக்களூர் சிட்கோவில் ஷிஃப்ட் பார்ப்பவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு கம்பெனி வண்டியில் போய் வருபவர் எனச் சென்னைக்குள் மனை வாங்க முடியாத எல்லோரும் இங்கே வந்தார்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தைக் கல் நட்டு விற்றவர்கள், கடைசி மனை விற்றதும் போய்விட்டார்கள். ரோடு, கால்வாய், தெருவிளக்கு எல்லாம் வாங்கியவர்கள் பொறுப்பு என்றானது.

அப்படிப் பிறந்தவைதான் இந்தச் சங்கங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, ஊரே பதறியது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்கு வழி பிறந்தது. விண்ணப்பம், வரைபடம், கட்டணம், அலுவலகம் அலுவலகமாக அலைச்சல் என்று தனி ஆளாகச் செய்ய முடியாத வேலையைப் பல இடங்களில் சங்கம்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள்தான் ஊராட்சியைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தேர்வானவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய்க் கதவைத் தட்ட வார்டு உறுப்பினர் இல்லாத இந்தக் காலங்களில், மக்கள் தட்டிய கதவு சங்கச் செயலாளர் வீட்டுக் கதவு.

இப்படிப்பட்ட சங்கங்கள் முடங்கிப் போவது சாதாரண விஷயம் அல்ல. “அங்கே ஒரே சண்டை, அதான் சங்கம் படுத்துடுச்சு” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த வரையில் அது பாதி உண்மைகூட இல்லை. சண்டை வந்ததால் முடங்கிய சங்கத்தைவிட, சண்டைக்குப் பயந்து கூட்டம் போடாமல் விட்டதால் முடங்கிய சங்கம்தான் அதிகம்.

மழை இரவில் வந்த ஜேசிபி

தகராறு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், இந்தப் பகுதியில் பத்தில் எட்டு தண்ணீரில் வந்து நிற்கும். குடிதண்ணீர் அல்ல, மழைத்தண்ணீர்.

முதல் தெருவுக்கு ஏதோ ஒரு நிதியில் சிமென்ட் ரோடு வருகிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். ரோடு ஒரு அடி உயர்ந்துவிடுகிறது. அதுவரை முதல் தெரு வழியாக ஓடிய தண்ணீர், அடுத்த மழைக்கு மூன்றாம் தெரு வாசலில் தேங்குகிறது. மூன்றாம் தெருக்காரர் தன் வாசலில் மண் அடிக்கிறார். தண்ணீர் நான்காம் தெருவுக்குப் போகிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவரவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று பெருமழைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்துத் திருநின்றவூரில் ஈசா ஏரி நிரம்பிப் பெரியார் நகர் போன்ற குடியிருப்புகள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மேகம் கறுத்தாலே தெருவுக்குத் தெரு முறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு மழை இரவு. செயலாளருக்கு போன் மேல் போன். அவர் தெரிந்தவரைப் பிடித்து ஜேசிபியை வரவழைக்கிறார். ரோட்டோரத்தை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார். விடிவதற்குள் மணிக்கணக்குப் பார்த்து ரொக்கமாகக் கொடுத்து அனுப்புகிறார். பில் கிடையாது. நோட்டில் ‘ஜேசிபி – மழை’ என்று ஒரு வரி.

பொங்கல் முடிந்து கூட்டம். “யாரைக் கேட்டு ரோட்டை வெட்டினீங்க?” என்று ஒருவர். “எத்தனை மணி நேரம் ஓடுச்சு, பில் எங்கே?” என்று இன்னொருவர். செயலாளருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. “ராத்திரி ரெண்டு மணிக்கு முழங்கால் தண்ணியில நின்னது நான். நீங்கல்லாம் தூங்கினீங்க. என்னைத் திருடன்னு சொல்றீங்களா?” யாரும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை வந்துவிட்டது. அவர் ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். அதன் பிறகு கூட்டம் இல்லை. சந்தா இல்லை. அடுத்த மழைக்கு போன் அடித்தால் எடுப்பவர் இல்லை.

ஊர் பெயரை மாற்றிப் போட்டால் இது எந்தச் சங்கத்தின் கதையாகவும் இருக்கும். கேட்டவரும் சரி, செய்தவரும் சரி. சங்கப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது உறுப்பினரின் உரிமை. உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவர் அதை அவமானமாக நினைப்பதும் நியாயம். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது ஒரு வவுச்சர் இல்லாததுதான். வண்டி வந்த நேரம், போன நேரம், டிரைவர் கையெழுத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து என்று நான்கு வரி எழுதிய துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்தக் கூட்டம் பத்து நிமிடத்தில் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். அவசரத்துக்குச் செயலாளர் தன் பொறுப்பில் எவ்வளவு வரை செலவு செய்யலாம், அதை அடுத்த செயற்குழுவில் எப்படி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மழைக்கு முன்பே ஒரு தீர்மானம் போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. ரோடு விஷயமும் இப்படித்தான். எந்தத் தெருவுக்கு முதலில் ரோடு என்று மோதிக்கொள்வதற்கு முன்னால், சர்வேயரைக் கூப்பிட்டு நகர் முழுவதற்கும் லெவல் எடுத்து, தண்ணீர் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று ஒரு வரைபடம் போட்டுப் பொதுக்குழுவில் ஏற்றுக்கொண்டால், அப்புறம் வாக்குவாதம் அந்தக் கோட்டைப் பற்றியதாக இருக்கும். ஆளைப் பற்றியதாக இருக்காது.

சட்டம் என்ன கேட்கிறது?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு, நிர்வாகக் குழுவுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுப் பதவிக்காலம், வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வது என்று அது கேட்பது கொஞ்சம்தான். நிர்வாகம் சரியில்லை என்றால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனு கொடுத்து, 36-ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரணை கேட்கலாம்.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. பதிவாளர் அலுவலகம் நீதிமன்றம் அல்ல. ‘நான்தான் உண்மையான தலைவர்’ என்று இரண்டு அணி இரண்டு பட்டியலோடு போய் நின்றால், அந்தத் தகராறு கடைசியில் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே போனால் வருஷங்கள் போகும். தெருவிளக்குக்காகச் சேர்த்த பணம் வக்கீல் பீஸுக்குப் போகும். இது நடக்கிறது. ஆகவேதான் சொல்கிறேன், தீர்மானப் புத்தகத்தை ஒழுங்காக எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைக்க வேண்டாம். தேதி, வந்தவர்கள் கையெழுத்து, பேசிய பொருள், எடுத்த முடிவு, எதிர்த்தவர்கள் பெயர் எல்லாம் அதில் வேண்டும். குறிப்பாக எதிர்த்தவர்கள் பெயர். “என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்க” என்று ஒருவர் கேட்டால் சந்தோஷமாகப் பதிவு செய்ய வேண்டும். எதிர்ப்பு புத்தகத்தில் ஏறிவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் நள்ளிரவு வரை ஓட வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இதே தொண்டை மண்டலத்தில் இதே தலைவலி இருந்திருக்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், கி.பி. 919 வாக்கில், ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களின் தேர்தலுக்கு விதி எழுதினார்கள். இரண்டே ஆண்டில், 921-ல், அதைத் திருத்தி விரிவாக எழுத வேண்டியிருந்தது. முதல் விதி போதவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அது நிலமும் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே இடம் கிடையாது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது. ஆனால் கணக்கையும் பதவிக்காலத்தையும் கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அவர்கள் பட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. நம் நகர்களில் பத்துப் பதினைந்து வருடமாக ஒரே பொருளாளர் இருக்கிறார். “அவர் நல்லவர், அவர விட்டா ஆளில்ல” என்கிறோம். அந்த நல்லவருக்கும் நாம் செய்யும் துரோகம் அது. ஒருநாள் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். பதினைந்து வருட உழைப்பும் சந்தேகத்தில் முடியும்.

குத்தம்பாக்கம் காட்டிய வழி

நம் மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பூந்தமல்லி பக்கம் குத்தம்பாக்கம். அந்த ஊரில் பிறந்த வேதிப் பொறியாளர் இளங்கோ ரங்கசாமி, ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்து 1996-ல் ஊராட்சித் தலைவர் ஆனார். தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். சாதிச் சண்டையும் கள்ளச்சாராயமும் ஊறிப்போயிருந்த ஊர் அது.

கால்வாய் கட்டும் வேலை ஒன்றில், கிரானைட் பாலிஷ் போடும் ஆலைகளில் கழித்துப் போட்ட கற்களை வாங்கிப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் அரசு மதிப்பீட்டில் சொன்ன பொருள் அது இல்லை என்று புகார் கிளம்பியது. அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த நிலையில் நாம் என்ன செய்வோம்? நமக்கு வேண்டிய பெரிய மனிதரைத் தேடி ஓடுவோம், அல்லது நீதிமன்றம். அவர் அறப்போராட்டத்தில் இறங்கினார். விஷயம் கிராம சபைக்கு வந்தது. வேலை என்ன, செலவு என்ன, மீதி என்ன என்பதை ஊர் முன்னால் வைத்தார். ஊர் அவர் பக்கம் நின்றது. இடைநீக்கம் விலக்கப்பட்டது. 2001-ல் மறுபடியும் தேர்வாகி 2006 வரை தலைவராக இருந்தார்.

அதே ஊரில் சமத்துவபுரம் வந்தபோது செய்ததும் கவனிக்க வேண்டியது. இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் மற்ற சாதிக் குடும்பம். நூறு குடும்பங்கள், ஐம்பது இரட்டை வீடுகள். தினம் தினம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ வேண்டிய ஏற்பாடு. நம் நகர்களில் சாதி இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். தலைவர் தேர்தல் வரும்போது ‘நம்மாளு’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது? பூங்காவுக்கு விட்ட இடத்தில் கோயில் கட்டலாமா என்ற பேச்சு வரும்போது யார் யார் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், தெரியும். மனைப்பிரிவில் பொதுவுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம் எல்லோருக்கும் பொது. சங்கப் பொதுக்குழுவே ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அதை மாற்ற சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டும். சொன்னவரைப் பாதுகாப்பது தலைவரின் வேலை.

வியாழக்கிழமை தீர்ப்பு

ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்று ஒரு நகரம். வாய்க்கால் பாசன விவசாயிகள் தண்ணீர்த் தகராறைத் தீர்க்க, தேவாலய வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் கூடுகிறார்கள். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பிரதிநிதிகள். வக்கீல் கிடையாது. வாய்மொழியாகப் புகார், வாய்மொழியாகப் பதில், அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த மன்றத்தை 2009-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றின் இடது கரை வாய்க்கால்காரர் மேல் புகார் என்றால், முடிவு சொல்வது வலது கரைப் பிரதிநிதிகள்.

பொதுச் சொத்தை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், வலென்சியாவையும் ஆராய்ந்தார். தகராறைத் தீர்க்க உள்ளூரிலேயே செலவில்லாத ஓர் இடம் இருக்க வேண்டும், மீறியவருக்கு முதலில் சின்னத் தண்டனை, பிறகுதான் பெரியது என்பதை நீடித்து நிற்கும் அமைப்புகளின் பொது அம்சங்களாக அவர் கண்டார். நமக்கு அப்படியே பொருந்தும். முதல் தெருவும் மூன்றாம் தெருவும் மோதினால், ஐந்தாம் தெருவிலிருந்து மூன்று பேரை அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நிர்வாகிகள் அதில் இருக்க வேண்டாம். மாதம் ஒரு நாள், குறித்த நேரம், குறித்த இடம். புகார் இல்லை என்றால் டீ குடித்துவிட்டுக் கலையலாம்.

சந்தா கொடுக்காதவர்கள் விஷயத்தில் இந்த ‘முதலில் சின்னது’ என்பது ரொம்ப அவசியம். 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். தெருவுக்குத் தெரு சிவிக் எக்ஸ்னோரா கிளைகள் முளைத்தன. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை, மூன்று சக்கர வண்டியோடு ஒரு துப்புரவுத் தொழிலாளி. கொடுக்காத வீடுகள் அங்கேயும் இருந்தன. நேரில் போய்ப் பேசிப் பேசித்தான் சேர்த்தார்கள். நம் பக்கம் சில இடங்களில் கொடுக்காதவர் பெயரை போர்டில் எழுதுகிறார்கள், குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டுகிறார்கள். இது தப்பு. சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. வேலை போய் வீட்டில் இருப்பவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது போர்டுக்குத் தெரியாது, போய்ப் பேசினால் தெரியும்.

யார் வரவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெரும்பாலான சங்கங்களுக்கு இதுதான் கூட்ட நேரம். யாருக்கு வசதி? ரிடையர் ஆனவர்களுக்கு. நைட் ஷிஃப்ட் முடித்து ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தவர் அப்போதுதான் தூங்கிக்கொண்டிருப்பார். பெண்களுக்கு அது சமையல் நேரம். வாடகைக்கு இருப்பவருக்கு அழைப்பே இல்லை. காவலுக்கும் குப்பைக்கும் மாதாமாதம் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறோம். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்ற விதியால் உறுப்பினர் பட்டியலில் கணவர் பெயர்தான் இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தத் தெருமுனை இருட்டில் நடக்கப் பயம் என்றெல்லாம் தெரிந்தவர்கள் பெண்கள். கூட்டத்தில் முடிவெடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

வராதவர்கள்தான் பின்னால் “என்னைக் கேட்காம எப்படிப் போட்டீங்க?” என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டத்தை ஒருமுறை காலை, ஒருமுறை மாலை என்று மாற்றி வைத்தால் ஷிஃப்ட்காரர்கள் பாதிப் பேராவது வருவார்கள். மனைவியும் வாக்களிக்கலாம், வாடகைக்காரரும் பேசலாம் என்று துணைவிதியைத் திருத்துவதற்கு வேண்டியது பொதுக்குழுவில் ஒரு சிறப்புத் தீர்மானம். வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால் போதும்.

கிராம சபையிலும் இந்தச் சங்கங்கள் போய் உட்கார வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போகலாம். பிரதிநிதிகள் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. தெருவுக்குள் நாம் அடித்துக்கொள்ளும் கால்வாய்த் தகராறில் பாதி, ஊராட்சி போட வேண்டிய கால்வாயைப் போடாததால் வந்தது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால், மூன்றாம் தெருக்காரர் மேல் இருக்கும் கோபம் தன்னால் குறையும்.

நீங்கள் ஒரு நலச்சங்க உறுப்பினராக இருந்தால், இந்த வாரமே தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசிப் பொதுக்குழு நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், கூட்டம் கேட்டு எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் செயலாளராக இருந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே தேதி குறித்து, வரவு செலவையும் சேர்த்து நோட்டீஸ் ஒட்டுங்கள். உங்களைத் திட்டியவர் வீட்டுக்கு முதல் நோட்டீஸை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.